தராசடியில் ஒரு காது மெசின்

காது கேளாதவர்களோடு இருபத்திரண்டு வருடமாகக் கதைத்து வந்ததில் என் குரல் பெருத்துப் போய்விட்டது. நான் வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வரும் என்று என் கணவர் பகிடி பண்ணுவார். பண்ணட்டும். சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட, ஒரு மருந்துக் கடையை ஒட்டிய ஒற்றை அறையில் காது பரிசோதித்து மெசின் பொருத்திக் கொடுக்கிறேன். வீடு இணுவிலில். காலையில் ஸ்கூட்டியில் வந்தால் பின்னேரம்தான் திரும்புவேன். என் வேலை எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கூச்சப்பட வேண்டிய இடம் பின்னால் வருகிறது, அதையும் சொல்கிறேன்.

காது மெசின் என்பது வாங்கினோம், மாட்டினோம் என்று போகிற சாமான் அல்ல. ஒவ்வொரு காதும் ஒவ்வொரு விதமாகக் குறைந்திருக்கும். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கவில்லை என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி மெசினுக்குள் எழுத வேண்டும். மெல்லிய வயர் ஒன்றால் மெசினைச் சாப்பாட்டுப் பெட்டி அளவான ஒரு பெட்டியில் கொழுவுவேன். அந்தப் பெட்டியைக் கணினியில் கொழுவுவேன். என் பெட்டி பழையது. அதன் பிளக்கைச் செருகும் துளை இப்போதைய கணினிகளில் கிடையாது. அதனால் நடுவில் ஒரு மாற்று வயரைப் போட்டு வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

புதுப் பெட்டி வாங்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு யாழ்ப்பாணம் தெரியாது. இங்கே காது மெசின்கள் கடையிலிருந்து வருவதைவிட வெளிநாட்டுச் சூட்கேசுகளில் வருவதுதான் அதிகம். நோர்வேயில் ஒரு மாமா செத்துப்போனால், அடுத்த ஓகஸ்ட் லீவுக்கு அவருடைய காது மெசின் சொக்லேட்டுக்கும் சேர்ட்டுக்கும் நடுவில் ஊருக்கு வந்துவிடும். நல்ல மெசின்கள், எறிய மனம் வராது. ஆனால் அவை செத்தவரின் காதுக்கு எழுதப்பட்டவை. பத்துப் பன்னிரண்டு வருடம் பழையவை. இப்போதைய மென்பொருள்களுக்கு அவற்றின் பெயரே தெரியாது. என் பழைய பெட்டிக்கும் பழைய மென்பொருளுக்கும் தெரியும். உடுப்பிட்டியிலிருந்துகூட ஆட்கள் பஸ் மாறி என்னிடம் வருவது அதற்காகத்தான்.

குருநகர் அக்கா வந்தது ஒரு திங்கட்கிழமை. அறுபதை நெருங்குகிற வயது. ஒரு லேஞ்சித் துணியில் முடிந்து இரண்டு காது மெசின்கள் கொண்டுவந்திருந்தார். நோர்வேயில் இருக்கும் தம்பி அனுப்பியவை, தம்பியின் மாமனார் போட்டிருந்தவை. அக்காவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பி வராதபோது ஒரே மகனுக்கு ஆறு வயது. அதன்பிறகு அக்கா இறங்குதுறைப் பக்கம் ஐஸ் பக்டரியில், கட்டி உடைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் நின்று மகனை வளர்த்தார். அந்த மெசின் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய காதைக் கொண்டுபோய்விட்டது. மகன் பதினான்கு வயதில் கத்தோலிக்கக் குருவாகப் படிக்கக் குருமடத்துக்குப் போனான். வருகிற சனிக்கிழமை அவனுக்குக் குருப்பட்டம்.

"ஞாயிற்றுக்கிழமை எங்கடை கோயிலிலை முதல் பூசை வைக்கிறான்," என்றவர் உடனே நாக்கைக் கடித்தார். "வைக்கிறார். இனிச் சுவாமி எண்டுதான் சொல்ல வேணும். எனக்கு இன்னும் வாய் பழகேல்லை. பிரசங்கமும் அவர்தான். அதை நான் கேக்க வேணும், பிள்ளை."

"வீட்டிலை கதைக்கேக்கை என்ன செய்யிறனீங்கள்?" என்று நான் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"வாயைப் பாப்பன். உன்ரை வாயையும் இப்ப பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். பீடத்திலை நிக்கிற ஆளின்ரை வாய் எனக்குத் தெரியுமோ? சனமெல்லாம் கேக்க, பெத்தவள் நான் சும்மா இருக்கிறதோ?"

முன்பு எங்கோ வாங்கிய ஒரு மலிவு மெசின் அவரிடம் இருந்தது. அது இரைச்சலைத் தவிர வேறு எதையும் கொடுத்ததில்லை. நோர்வே மெசினைக் காதில் வைத்துப் பார்த்தேன், விசில் அடித்தது. உள்ளே வெளிச்சம் பிடித்தால் இரண்டு காதிலும் குரும்பி அழுக்கு அடைத்துக் கிடந்தது. அதை எடுக்காமல் பரிசோதனையும் செய்யேலாது, எழுதவும் ஏலாது. மூன்று நாள் மருந்து விட்டு, கிளினிக்கில் துப்புரவாக்கிக்கொண்டு வரச் சொன்னேன்.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்கோ அக்கா. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பிரசங்கத்திலை பிழை பிடிப்பியள்."

"வாக்குத் தாறியோ?"

"தந்திட்டன்."

என் வாயைப் பார்த்து அதைப் படித்துச் சிரித்தார். சந்தோசத்தில் லேஞ்சி முடிச்சை மேசையிலேயே மறந்துவிட்டு எழும்ப, நான்தான் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன்.

அடுத்த நாள் செவ்வாய். ஆட்கள் குறைவு. மாதக்கணக்காக என் கணினி ஒரு செய்தியைக் காட்டிக்கொண்டிருந்தது: இந்த இயங்குதளத்துக்கான ஆதரவு முடியப்போகிறது, புதியதுக்கு மாறுங்கள், உங்கள் கணினி அதற்குத் தகுதியானது. ரொறொன்ரோவில் கணினி வேலை பார்க்கும் என் தம்பியும் கிழமைக்கு ஒரு தடவை இதையே சொல்வான். ஆனால், "நீயா ஒண்டும் அமத்தாதை அக்கா. நான் ஆறுதலா இருக்கேக்கை என்னென்ன கொழுவியிருக்கு எண்டு பாத்துச் செய்வம்" என்றும் சொல்லியிருந்தான். தம்பி ஆறுதலாக இருப்பது எப்போது? எனக்குக் காத்திருந்து பழக்கமில்லை. தகுதியானது என்று கணினியே சொல்கிறது. ஆம் என்பதை அமத்தினேன்.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பிறகு அழகான ஒரு திரை வந்தது. மூலைகள் எல்லாம் வளைந்து, எழுத்துகள் எல்லாம் துலங்கி, புதுப் பெயின்ற் அடித்த வீடு போல இருந்தது. எனக்கு நல்ல புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு தம்பியை அழைத்தேன். அங்கே அவனுக்கு விடிந்திருந்தது.

"ஏத்திப்போட்டன்."

"பெட்டியைக் கொழுவிப் பாத்தனியோ?" என்றான்.

கொழுவினேன். மென்பொருள் பெட்டியைக் காணவில்லை என்றது. தம்பி சொன்ன இடத்தில், கொழுவியிருக்கும் சாமான்களின் பட்டியலைத் திறந்தேன். மாற்று வயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் அடையாளம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி சீன எழுத்து. சுன்னாகத்தில், என் மேசையில், சீன எழுத்து! படம் எடுத்து அனுப்பினேன். தம்பி வேலைக்குப் போய், அடுத்த கதிரையில் இருக்கும் சீனரிடம் காட்டி அர்த்தம் கேட்டுச் சொன்னான். இந்த வயருக்குள் இருக்கும் சிப் என்கிற சில்லை இப்போது செய்வதில்லை, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறதாம். விற்றவரின் கடை யாழ்ப்பாணம் ரவுணில் இருந்தது. அந்த இடத்தில் இப்போது ஜூஸ் விற்கிறார்கள்.

புதன் காலை ரவுணுக்குப் போய் வேறு கடையில் புது வயர் வாங்கினேன். கடதாசி மட்டையெல்லாம் போட்டு வடிவாக இருந்தது. கொழுவினேன். அதே சீன வரி. பழைய சில்லைப் புது மட்டைக்குள் போட்டு விற்றிருக்கிறார்கள். பெட்டிக் கொம்பனியின் கொழும்புக் கிளைக்குப் போன் எடுத்தேன். ஒரு பிள்ளை மரியாதையாக, "அந்த மொடலுக்கு இப்ப சப்போட் இல்லை மிஸ்" என்றது.

"அதுக்கு ஒருத்தற்றை சப்போட்டும் தேவையில்லை, பிள்ளை. நேற்றுக் காலமை வரைக்கும் அது தன்ரை பாட்டிலை வேலை செய்தது" என்று நான் கத்தினேன். அந்தப் பிள்ளை பாவம், அது என்ன செய்யும். எனக்கு வந்த கோபம் என்மேல் வந்த கோபம்.

பின்னேரம் தம்பி எழும்பி அழைத்தான். ஏதோ பழைய கோப்பு ஒன்றைப் போடச் சொன்னான். வயர் உயிர்த்தது, மென்பொருள் பெட்டியைத் தேடத் தொடங்கியவுடன் தானாகவே மூடிக்கொண்டது. மூன்று தரம் அப்படியே. கடைசியில், "பழையதுக்கே திரும்பிப் போவம். மாறினதிலையிருந்து பத்து நாளைக்கு அந்த வழி திறந்திருக்கும். அமத்திப்போட்டு ஒண்டிலையும் கை வைக்காமல் இரு" என்றான். அமத்தினேன். முந்திய பதிப்பை மீட்கிறது, கணினியை நிறுத்த வேண்டாம் என்று திரையில் வந்தது. எனக்கு நெஞ்சு ஆறியது. வியாழன் பத்து மணிக்கு எல்லாம் பழையபடி இருக்கும். தம்பி வேலைக்கு வெளிக்கிட்டான். நான் கதிரையில் சாய்ந்தேன்.

என் அறைக்கு முன்னால் போகிற ரோட்டுத்தான் சுடலைக்குப் போகிற ரோட்டு. கிழமைக்கு இரண்டு மூன்று செத்தவீடு போகும். சந்தியில் வெடிச்சத்தம் கேட்டவுடன் கடைக்காரர்கள் எல்லோரும் கதவைப் பாதி சாத்துவார்கள், லைற்றை நூர்ப்பார்கள், பாட்டை நிறுத்துவார்கள். பிரேதம் கடந்து போகும்வரை வாசலில் எழுந்து நிற்பார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. தொடக்கத்தில் நான் லைற், பேன் என்று ஒவ்வொரு சுவிச்சாகத் தேடி நூர்ப்பேன். பிறகு சுகமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். மெயின் சுவிச் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சந்தியில் வெடி கேட்டது. பறை கேட்டது. நான் எழும்பினேன், கதவைப் பாதி சாத்தினேன், கை தன்பாட்டில் மேலே போய் மெயினை இறக்கியது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். யாராக இருக்கும், வயது போனவரோ என்றெல்லாம் யோசித்தேன். பூமாலை போட்ட வண்டி கடந்து போனது. பின்னால் நடந்தவர்களில் தெரிந்த ஒருவருக்குத் தலையசைத்தேன். பேன் கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது. அப்போதுதான் அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. கரண்ட் போனால் தாங்குவதற்கென்று வைத்திருந்த பற்றரிப் பெட்டி பழுதாகி இரண்டு வருடம். நான் அதன்மேல் கால் வைத்துக்கொண்டு இருப்பேன்.

மெயினை உயர்த்தினேன். கணினி நீலத் திரை ஒன்றைக் காட்டியது. அதற்குமேல் புதியதும் இல்லை, பழையதும் இல்லை. தம்பிக்குச் சொன்னேன்.

"மெயினை ஏன் நிப்பாட்டினனி?"

"செத்தவீடு போனது."

அவன் ஒன்றும் ஏசவில்லை. இருபது வருடம் கனடாவில் இருந்தாலும் பிறந்தது இணுவிலில்தானே. "அப்ப சரி" என்றான். பிறகு மெதுவாக, "எல்லாத்தையும் திருப்பி முதலிலையிருந்து போட வேணும் அக்கா. அடுத்த கிழமைதான் சரிவரும்" என்றான்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஸ்கூட்டியில் இருந்து அழுதேன். வாக்குத் தந்திட்டன் என்று சொன்ன என் வாயை எனக்கே பிடிக்கவில்லை.

வியாழன் ஒன்பதரைக்கே அக்கா வந்துவிட்டார். காது இரண்டும் துப்புரவாக இருந்தன. நல்ல காலத்துக்குப் பரிசோதிக்கிற மெசின் தனி மெசின், அதற்குக் கணினி வேண்டாம். பரிசோதித்து எல்லாவற்றையும் கடதாசியில் குறித்தேன். குறித்து முடிந்தபிறகுதான் சொன்னேன்.

"அக்கா, எழுதிற கொம்பியூட்டர் பழுது. வேறை ஒருத்தருமில்லை, நான்தான் பழுதாக்கினனான்."

இரண்டாம் தரமும் சொல்ல வைத்து என் வாயைப் பார்த்தார். ஏசுவார் என்று இருந்தேன். அவர் லேஞ்சியை மெல்ல முடிந்து மடியில் வைத்தார்.

"பரவாயில்லை, பிள்ளை. எனக்குப் பழக்கம்தானே. சுவாமி வாயை அசைக்கிறதைப் பாத்துக்கொண்டு இருப்பன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சந்தைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய குரல் வந்தது. வெங்காய லொறி ஒன்றின் நிறையை யாரோ ஊருக்கே கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ என்ன, எனக்கு அந்தக் குரல் தெரியும். நான் எழும்பிவிட்டேன்.

லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கிற பெரிய தராசு சந்தைக்குப் பின்னால், அதே சுடலை ரோட்டு வளைந்து வருகிற இடத்தில் இருக்கிறது. அதை வைத்திருக்கும் அண்ணைக்கு என் கணக்கில் பாதிக் காது கேட்காது. போன வருடம் பரிசோதித்து இரண்டு மெசினும் பொருத்திக் கொடுத்தேன். "எனக்கு நல்லாக் கேக்குது, சனம்தான் இப்ப மெல்லக் கதைக்குது" என்று சொல்லி இரண்டையும் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். அவருடைய தராசின் வயர் ஒரு கிழட்டுக் கணினிக்குள் போகிறது. என் பெட்டியின் பிளக்குக்கு வேண்டிய துளை அதில் உண்டு. இன்ரநெற் என்பதை அது கண்டதே இல்லை. மெசின் எப்படி என்று பார்க்கத் தராசடிக்குப் போன அன்று நான் அதைப் பற்றி, "உது நூதனசாலைக்குக் குடுக்க வேண்டிய சாமான், அண்ணை" என்று நக்கலடித்திருந்தேன். "ஓடிக்கொண்டிருக்கிறதை ஏன் நோண்டுவான்?" என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தார்.

பெட்டி, வயர், பழைய மென்பொருள் இருந்த வட்டு, அக்கா. எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குள்ளால் நடந்தேன். அண்ணை நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டாரோ, விளங்கிக்கொண்டாரோ, முகத்தில் ஒரு சிரிப்பு மட்டும் பரவியது.

"நூதனசாலை பாக்கவோ வந்தனீர், தங்கச்சி?"

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னதுதான் சரி. நான் நோண்டிப்போட்டன்."

இருபத்திரண்டு வருடத்தில் நான் இப்படி ஒரு வசனம் சொன்னதாக ஞாபகம் இல்லை. சந்தோசத்தில் அண்ணை கதிரையைத் துடைத்துத் தந்தார். ஒரேயொரு நிபந்தனை. லொறிகள் நிற்க மாட்டா. துளை ஒன்றுதான். லொறி வந்தால் என் பிளக்கைக் கழற்றித் தராசின் பிளக்கைச் செருக வேண்டும், லொறி போனபிறகு திரும்ப என்னுடையது.

வட்டிலிருந்து மென்பொருளை ஏற்றி முடிப்பதற்குள் மூன்று லொறிக்கு நிறை பார்த்தாயிற்று. பிறகு திறந்தேன். சாம்பல் நிறத்தில், மூலைகள் கூராக, அழகே இல்லாத அந்தப் பழைய திரை வந்தது. பெட்டியைத் தேடியது. கண்டது. எனக்கு அதைக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. வலது மெசினைக் கொழுவினேன். நோர்வேக்காரரின் காதுக் கணக்கு வரைபடமாக வந்து நின்றது. அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதை அழித்து, அக்காவின் கணக்கை எழுதினேன். எழுதி முடிக்க ஒன்றரை நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் வயர் கழன்றாலோ கரண்ட் போனாலோ மெசின் செத்துவிடும், அதன்பிறகு அதை ஒருவராலும் எழுப்ப முடியாது. துளை தேய்ந்து பிளக் ஆடியதால் ஒன்றரை நிமிடமும் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வலது மெசினை அக்காவின் காதில் வைத்தேன். திடுக்கிட்டார். லொறியின் எஞ்சின், மூட்டை விழுகிற சத்தம், காகம்.

"என்ன பிள்ளை இவ்வளவு சத்தம்?"

"சந்தை, அக்கா. எந்த நாளும் இப்பிடித்தான்."

அவர் எழும்பிக் கதவடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி நின்றார். நான் இடது மெசினைக் கொழுவி, பிளக்கைப் பிடித்துக்கொண்டு, எழுது என்பதை அமத்தினேன்.

சந்தியில் வெடி கேட்டது. அதன் பின்னால் பறை.

பறைச் சத்தத்துக்கு மட்டும் அண்ணையின் காதில் குறை இல்லை. கதிரையை விட்டு எழும்பினார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கீழே விட்டார். என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. வருடக்கணக்காக நான் செய்கிற அதே வேலை. மெயின் சுவிச் கதவடியில் இருந்தது. பிளக்கை விட்டுவிட்டு என்னால் எழும்பவும் ஏலாது.

"அண்ணை, சுவிச்சிலை கை வைக்காதேங்கோ!"

வாசலில் லொறி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை திரும்பவில்லை. உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில் திரும்பவும் கத்தினேன். அவர் கை மேலே போனது. அப்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற அக்கா சடாரென்று திரும்பி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"பொறுங்கோ. பிள்ளை எழுதுது."

அண்ணை திகைத்துப் போய் நின்றார். அக்கா இடது கையால் அவரை விடாமல் பிடித்துக்கொண்டு, கடந்து போகிற பிரேதத்துக்காக வலது கையால் சிலுவை அடையாளம் போட்டார். ரோட்டில் எல்லாக் கடையும் இருட்டிக் கிடக்க, தராசடியில் மட்டும் ஒரு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. ஊர்வலத்தில் ஒருவர் அதைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது. செத்தவர் ஆரெண்டாலும் என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டு பிளக்கை இன்னும் இறுக்கி அழுத்தினேன். திரையில் கோடு நிரம்பி முடிந்தது.

இடது மெசினையும் அக்காவின் காதில் வைத்தபிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் என் வாயைப் பார்க்கவே இல்லை.

"நான் கத்தினது கேட்டதோ, அக்கா?"

"கேட்டுது. என்ன கத்தல்!" என்றார்.

"ஆர் கத்தினது?" என்று கேட்டார் அண்ணை.

அடுத்த கிழமை அவர் தன் லாச்சிக்குள் கிடந்த இரண்டு மெசினையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். என் கணினியைத் தம்பி சொல்லச் சொல்ல, நான் முதலிலிருந்து பழைய இயங்குதளத்தைப் போட்டு எழுப்பினேன். அதை இப்போது இன்ரநெற்றில் கொழுவுவதில்லை. மின்வேலை செய்பவரைக் கூப்பிட்டு மெயினுக்குத் தொடர்பில்லாமல் அதற்கென்று தனி வயர் இழுப்பித்திருக்கிறேன். செத்தவீடு போகும்போது லைற்றை நூர்க்கிறேன், எழுந்து நிற்கிறேன். கணினி தன்பாட்டில் ஓடுகிறது.

அதற்கெல்லாம் முன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பின்னேரம் மூன்று மணியிருக்கும். தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. எடுத்தேன்.

"பிள்ளை, நான்."

குருநகர் அக்கா. அவருக்குப் போனில் கதைத்துப் பழக்கமில்லை என்பதால் என்னைவிடப் பெரிதாகக் கத்தினார். பின்னால் சனத்தின் சத்தமும் கோப்பைகளின் சத்தமும் கேட்டன.

"பிரசங்கம் கேட்டுதோ, அக்கா?"

"கேட்டுது. நீட்டிப்போட்டார். சனம் நெளியத் தொடங்கிட்டுது. முடிவிலை நான்தான் கையைக் காட்டினனான், காணும், முடியுங்கோ எண்டு."

பிழை பிடிப்பீர்கள் என்று நான் சொன்னது சரியாகிவிட்டது. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, பிள்ளை."

"என்னத்தை அக்கா?"

"அவனுக்குத் தேப்பன்ரை குரல்."

இந்தத் தடவை அவர் நாக்கைக் கடிக்கவில்லை. பதினான்கு வயதில் வீட்டை விட்டுப் போகும்போது அவனுக்குச் சின்னப் பிள்ளையின் குரல். அதன்பிறகு லீவுக்கு வரும்போதெல்லாம் அவர் பார்த்தது அவனுடைய வாயை மட்டும்தான். தகப்பனைத் தெரிந்த அத்தனை பேரும் குருநகரில் அந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள். தாய்க்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்து ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

"முதல் வசனத்திலையே விளங்கிட்டுது. பேந்து அவன் என்ன சொன்னவன் எண்டு எனக்குத் தெரியாது. நான் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான்." மூக்கை உறிஞ்சினார். "கிட்டத்தான் நிக்கிறான். நீயும் ஒருக்கால் கேள்."

போன் கைமாறியது.

"வணக்கம். அம்மா எல்லாம் சொன்னவ" என்றது ஒரு ஆம்பிளைக் குரல். பாடியும் கதைத்தும் கொஞ்சம் கரகரத்துப் போயிருந்தது. மற்றபடி சாதாரணமான குரல், பஸ்ஸில் பக்கத்தில் இருந்து கேட்டால் திரும்பிப் பார்க்க மாட்டோம். நான் கதைக்க வாயெடுத்தேன். என் பெருத்த குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"என்னோடை கதைச்சது காணும், சுவாமி," என்றேன். "அம்மாவோடை கதையுங்கோ. அவவுக்குப் பின்னாலை நிண்டு கதையுங்கோ."